மூணு மணித் தங்கச்சி

அவளுக்கு நாற்பத்தேழு வயது. பழைய மரச்சாமான்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கும் நிறுவனம் ஒன்றின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தினமும் மாலை நாலு மணிக்கு அவள் ஒரு கட்டளையைத் தட்டினால், அன்று புதிதாக வந்த கட்டில், பீரோ, நாற்காலி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு தளத்தின் பக்கங்கள் முழுவதும் புதிதாக எழுதப்பட்டு வெளியே போகும். அதற்கு பில்டு என்று பெயர். விற்பனைப் பிரிவில் இருந்த இளசுகள் அவளுக்கு பில்டு அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு விலையை மாற்ற வேண்டுமா, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டுமா, "பில்டு அக்காகிட்ட சொல்லு" என்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தது கிடையாது.

பார்க்காததற்குக் காரணம் இருந்தது. அவள் ஆறு வருடமாக வீட்டிலிருந்தே வேலை செய்தாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கல்யாணம் ஒன்று நடந்து, யாரும் யாரையும் குறை சொல்லாமல் மூன்றே வருடத்தில் முடிந்தும் போயிருந்தது. அதற்குப் பிறகு அப்பாவோடு இருந்தாள். தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஒரு நாள் காலையில் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தது. பேச்சும் குழறிப் போனது. ஆள் வைத்துப் பார்த்தாள், சரிப்படவில்லை. அப்போதுதான் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பாவின் கட்டில் ஓர் அறையில், அவள் மேஜை அடுத்த அறையில். நடுவில் கதவு திறந்தே இருக்கும்.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. வேறு ஊரில் கணவன், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். பேசிக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். குழாய் நின்றால் பேச்சும் நின்றுவிடும்.

தினமும் பேசிய ஆள் ஒருவர்தான். ஊருக்கு வெளியே இருந்த கிடங்கில் சாமான்களைப் படம் எடுப்பவர். அவரை அவள் கிடங்கண்ணன் என்று சொல்வாள். அவருடைய வேலை லேசானதல்ல. சாமானைத் துடைத்து, வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்தி, நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். பிறகு கணினிக்கு வந்து ஒவ்வொரு படத்தையும் சிறிதாக்கி, எங்கோ தொலைவில் வாடகைக்கு எடுத்திருந்த சேமிப்பு இடத்தில், அதுதான் கிளவுட் என்கிறார்களே அதில், ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஏறிய படத்துக்கு முழ நீளத்தில் ஒரு முகவரி வரும். அந்த முகவரியைச் சாமான் பட்டியலில் ஒட்ட வேண்டும். எல்லாம் முடிந்ததும் மூன்று மணிக்கு அவளைக் கூப்பிடுவார். அவர் படித்துச் சொல்லச் சொல்ல அவள் சரிபார்ப்பாள். நாலு மணிக்கு பில்டு.

சரிபார்க்க இருபது நிமிடம் போதும். பேச்சு எப்போதும் நாற்பது நிமிடம் போகும்.

"தங்கச்சி, இன்னைக்குப் பதினாலு. ஏழாவது ஒரு சாய்வு நாற்காலி. பட்டியல்ல 'நல்ல நிலை'ன்னு போட்டுட்டாங்க. நான் உக்காந்து பாத்தேன். எந்திரிக்கும்போது நான் நல்ல நிலையில இல்ல."

"அப்ப என்னன்னு போடட்டும் அண்ணே?"

"பார்வைக்கு மட்டும்னு போடுங்க."

அவள் சிரிப்பது அடுத்த அறைக்குக் கேட்கும். "யாரு, மேசக்காரனா?" என்று அப்பா குழறலாகக் கேட்பார். அது போனில் கிடங்கண்ணனுக்கும் கேட்கும். "மேசக்காரன்தான்னு சொல்லுங்க. அப்பா சாப்பிட்டாரா?" என்பார். சாப்பிட்டார் என்றால் என்ன சாப்பிட்டார், எத்தனை வாய் சாப்பிட்டார் என்று கேட்பார். அவர் அப்பாவும் கடைசிக் காலத்தில் படுக்கையில்தான் இருந்தாராம். கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாகக் கொடுத்தால் புரையேறாது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மருத்துவர் அதைச் சொன்னது அதற்கு ஒரு மாதம் கழித்து.

கண்ணாடி வைத்த சாமான் வந்தால் அவருக்குப் பெரும்பாடு. எங்கே நின்று எடுத்தாலும் கண்ணாடியில் அவரே விழுவார். அதனால் காமிராவைத் தாங்கியில் மாட்டி, சில நொடியில் தானே படமெடுக்கும்படி வைத்துவிட்டு, சாம்பல் நிறப் போர்வை ஒன்றைத் தன் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொள்வார். படத்தில் போர்வையும், அதன் மேல் விளிம்பைப் பிடித்திருக்கும் எட்டு விரல்களும் தெரியும். ஆறு வருடத்தில் அவள் அவரைப் பார்த்தது அவ்வளவுதான். எட்டு விரல், அதில் ஒன்றில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி.

அப்பா போன வருடம் இறந்தார். ஒன்பது நாள் விடுப்புக்குப் பிறகு அவள் மறுபடி மேஜையில் உட்கார்ந்த அன்று, சரியாக மூன்று மணிக்கு போன் வந்தது. அவர் எடுத்ததும் எண்ணிக்கை சொல்லும் பழக்கம் உள்ளவர். அன்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கிடங்கில் யாரோ எதையோ இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பன்னெண்டு ஏத்தியிருக்கேன்மா," என்றார். எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் அந்தக் கேள்வி அவளுக்கானதாயிற்று. பல நாள் அந்தக் கேள்வி வரும் என்பதற்காகவே, பொய் சொல்லக் கூடாதென்று, இரண்டரை மணிக்கு எழுந்துபோய் இரண்டு துண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு வருவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் தொட்டில் விவகாரம் வந்தது. மனைவி நிறைமாதமாக இருந்த ஒருவர் தளத்தில் ஒரு தொட்டிலைப் பார்த்து வாங்கினார். வீட்டுக்குப் போய் இறங்கியது செருப்பு வைக்கும் தட்டு. இரண்டு முகவரிகள் இடம் மாறி ஒட்டப்பட்டுவிட்டன. "பொறக்கப்போற புள்ளையச் செருப்புத் தட்டுல படுக்கவைக்கச் சொல்றீங்களா?" என்று அவர் கேட்ட கேள்வி அலுவலகம் முழுவதும் ஒரு வாரம் சுற்றியது.

முதலாளியின் மகள் அப்போதுதான் பொறுப்புக்கு வந்திருந்தாள். சின்ன முதலாளி என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் கத்தவில்லை. போனில் நிதானமாகத்தான் கேட்டாள்.

"மனுஷங்க கையால ஒட்டற வரைக்கும் இது நடக்கும் அக்கா. பில்டு ஓடும்போது படமும் தானா ஏறிக்கற மாதிரி செய்ய முடியாதா?"

"முடியும்," என்றாள் அவள்.

முடியும்தான். எப்படிச் செய்வது என்றுகூட இரண்டு வருடமாகத் தெரியும். நேரமில்லை, நேரமில்லை என்று அவளே அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் தள்ளிப்போட்டோம் என்று அப்போது யோசிக்கவில்லை. முடியும் என்ற சொல் வாயிலிருந்து வந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பதினோரு நாளில் செய்து முடித்தாள். வேலையில் அவள் கெட்டிக்காரி. கிடங்கில் எடுத்த படங்களைச் சாமானின் எண்ணைப் பெயராக வைத்து ஒரு பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டால் போதும். பில்டு தொடங்கியதும் அந்தக் கோப்புறையைப் பார்க்கும். எந்தப் படம் புதிது, எது ஏற்கெனவே ஏறியது என்று தானே கண்டுபிடிக்கும். ஒரே படத்தை இரண்டு முறை ஏற்றாது. புதியதைச் சிறிதாக்கி, கிளவுடில் ஏற்றி, வந்த முகவரியை அந்தச் சாமானின் பக்கத்தில் தானே எழுதிக்கொள்ளும். வழியில் இணைப்பு அறுந்தால் மூன்று தடவை முயன்று பார்க்கும். அதற்கும் ஏறாவிட்டால் பில்டையே நிறுத்தி அவளுக்குத் தகவல் அனுப்பும். தொட்டில் இனி எந்தக் காலத்திலும் செருப்புத் தட்டாகாது.

கடைசிச் சோதனை முடிந்த அன்று மூன்று மணிக்குக் கிடங்கண்ணனிடம் விளக்கினாள்.

"கோப்புறையில போட்டாப் போதுமா? சின்னதாக்க வேணாமா?"

"வேணாம்ணே. எல்லாம் தானா நடக்கும்."

"அப்ப இனிமே நான் கூப்பிட வேண்டியதில்ல."

"தேவைப்படாதுண்ணே. ஏறலன்னா எனக்கே தெரிஞ்சிடும்."

"நல்லதுதான்," என்றார். பிறகு, "சரிம்மா, லாரி வந்திருக்கு," என்று வைத்துவிட்டார்.

போனை வைத்த பிறகுதான், சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் நாலு மணிக்கு பில்டு ஓடியது. திரையில் ஒரு வரி வந்தது. புதிய படங்கள் பதினாறு, ஏறியவை பதினாறு, தவறியவை பூஜ்யம். சின்ன முதலாளி பாராட்டி எழுதினாள். விற்பனைப் பிரிவு இளசுகள் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள். அவளும் நன்றி சொல்லி ஒரு பொம்மையை அனுப்பினாள். அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது.

முதல் வாரம் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. புதிதாகச் செய்த பொருளை ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருப்பது போல அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரத்தில் மூன்று மணி ஆனதும் கை தானாகப் போன் பக்கம் போவதைக் கவனித்தாள். ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பொட்டலம் கொண்டுவந்தவர் கதவைத் தட்டி, "யார் பேருல வருதும்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. செருமிவிட்டு மறுபடி முயன்றாள். காலையிலிருந்து பேசவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முந்தின நாளும் பேசவில்லை.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்து, சிரிக்கவும் செய்தாள். சிரிப்பு அடுத்த அறைக்குப் போய் அங்கேயே நின்றது.

கிடங்கண்ணனைக் கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஆறு வருடத்தில் வேலை இல்லாமல் அவர்கள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. வேலை என்ற குடையின் கீழ் நின்றுதான் அத்தனையும் பேசினார்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெண், குடும்பஸ்தரான மனிதரைக் காரணமில்லாமல் கூப்பிட்டு, "சும்மாதான்" என்று எப்படிச் சொல்வது? அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். அவர் பக்கத்தில் நிற்பவர்கள் நினைப்பார்கள். யாருமே ஒன்றும் நினைக்காவிட்டாலும் அவளுக்கு அது முடியாது.

அதனால் பில்டு கெட்டுப்போகட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினாள். தான் செய்த பொருளே கெட வேண்டும் என்று தொழில் தெரிந்தவள் ஆசைப்படுவது எவ்வளவு அசிங்கம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் ஆசைப்பட்டாள். ஒரு நாள் அந்த வாய்ப்பு வந்தது. நாலு மணிக்கு ஓட்டிய பில்டு பாதியில் நின்றது. கிளவுட் பக்கம் ஏதோ தடங்கல். முதல் முயற்சி தவறியது என்று சிவப்பில் ஒரு வரி. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது முயற்சியும் தவறியது. அவள் போனை எடுத்தாள், கிடங்கு எண்ணைத் தேடினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அண்ணே, இன்னைக்குப் படம் ஏறல, கொஞ்சம் பாருங்க," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். விரல் எண்ணைத் தொடுவதற்குள் மூன்றாவது முயற்சியில் அத்தனை படமும் ஏறிவிட்டது. மூன்று தடவை முயல வேண்டும் என்று எழுதியது அவளேதான்.

நாலு மாதம் இப்படிப் போனது. அதற்குப் பிறகு இரண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரே வாரத்தில் ஒரே மாதிரி புகார் வந்தது. உயரமான சாமான்களின் படங்கள் தளத்தில் படுத்துக்கிடக்கின்றன. பீரோவும் அலங்கார மேஜையும் பக்கவாட்டில் சாய்ந்து, யாரோ தள்ளிவிட்டது போல இருந்தன. என்ன கோளாறு என்று பார்க்கக் கிடங்கிலிருந்து வந்த மூலப் படங்களைத் திறந்தாள். எல்லாம் தானாக நடக்கத் தொடங்கிய பிறகு அவள் படங்களைத் திறந்து பார்ப்பதே இல்லை. பார்க்க அவசியம் வரவில்லை.

கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. படங்கள் காமிராவில் எடுத்தவை அல்ல, கைப்பேசியில் எடுத்தவை. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால், 'என்னைத் திருப்பிக் காட்டு' என்று படத்துக்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கும். சிறிதாக்கும்போது அவளுடைய நிரல் அந்தக் குறிப்பைக் கழற்றி எறிந்துவிடுகிறது. இரண்டு வரியில் சரியாகிவிடும். ஏன் அண்ணன் திடீரென்று கைப்பேசிக்கு மாறினார் என்று யோசித்தபடியே ஒரு அலங்கார மேஜையைப் பெரிதாக்கினாள்.

கண்ணாடியில் போர்வை இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒளிந்துகொள்ளவே இல்லை. கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

அவள் அடுத்த கண்ணாடியைத் தேடினாள். அதிலும் அந்தப் பெண்தான். தேதி தேதியாகப் பின்னால் போனாள். கைப்பேசிக்கு மாறுவதற்கு முன் பழைய காமிராவில் எடுத்த படங்களிலும் அந்தப் பெண்ணே இருந்தாள். இருபத்துமூன்று நாள் பின்னால் போன பிறகு ஒரு முக்கோணக் கண்ணாடியில் சாம்பல் நிறப் போர்வை வந்தது. எட்டு விரல்கள். பிளாஸ்திரி.

சின்ன முதலாளியைக் கூப்பிட்டாள். படம் படுத்துக்கிடந்த விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"கிடங்குல படம் எடுக்கற ஆள் மாறிட்டாங்களா?"

"ஆமா அக்கா, அவர் போய் மூணு வாரம் ஆச்சே. உங்களுக்குத் தெரியாதா?" சின்ன முதலாளி உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "அச்சச்சோ, யாரும் சொல்லலயா? வேலையில எந்தத் தடங்கலும் இல்லயா, அதான் யாருக்கும் தோணல."

கிடங்கில் கேக் வெட்டி வழியனுப்பி வைத்தார்களாம். கிடங்குக்காரர்களுக்கென்று தனிக் குழு இருக்கிறது, அதில்தான் அழைப்பு போட்டார்கள். அவள் அந்தக் குழுவில் இல்லை.

அவருடைய சொந்த எண் அவளிடம் கிடையாது. அவர் கூப்பிட்டதெல்லாம் கிடங்கு போனிலிருந்துதான். ஆறு வருடம் பேசிய மனிதரின் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இருக்கத்தானே போகிறார் என்று இருந்துவிட்டாள். அன்று மாலை பில்டை ஓட்டிவிட்டு அப்பா இருந்த அறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். கட்டிலை எப்போதோ கொடுத்தாகிவிட்டது. தரையில்தான் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கால்தான் மரத்துப்போனது.

மறுநாள் கிடங்கு எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தது பெண் குரல். சாமான்களைச் சுற்றிக் கட்டி அனுப்பும் பேக்கிங் அக்கா. பின்னணியில் ஒட்டு நாடா கிழியும் சத்தம் விடாமல் கேட்டது.

"நான் தளத்துலருந்து பேசறேன். பில்டு ஓட்டறவ," என்று ஆரம்பித்தாள்.

நாடாச் சத்தம் நின்றது. "அட, மூணு மணித் தங்கச்சியா?"

"என்னது?"

"உங்களுக்கு இங்க அதாம்மா பேரு. மூணு மணி ஆனா அந்த மனுஷன் கையக் கழுவிட்டுப் போன்கிட்ட போயிடுவாரு. அந்த நேரத்துல கப்பலே கவுந்தாலும் கூப்பிடக் கூடாது. நாங்களும் எட்டி நின்னு சிரிச்சுக்குவோம். கோவிச்சுக்காதீங்க, தப்பா ஒண்ணுமில்ல. உங்கப்பா தவறினப்பகூட எங்களுக்கெல்லாம் தெரியும். நான்தான் அன்னைக்கு, சட்டுனு எண்ணிக்கையச் சொல்லாதீங்க, கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன்."

தன் வீட்டில் தனியாக நடந்ததாக அவள் நினைத்திருந்த ஒன்றை ஒரு கிடங்கே பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கூச்சமாக இருந்தது. கூச்சத்துக்கு அடியில் வேறு எதுவோ, கதகதப்பாக இருந்தது. எண்ணைக் கேட்டாள். பேக்கிங் அக்கா எண்ணோடு இன்னும் கால் மணி நேரப் பேச்சையும் சேர்த்துக் கொடுத்தாள். முதுகு வலி தாங்காமல்தான் அவர் போனார், இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

எண்ணைத் தாளில் எழுதி மேஜையில் வைத்தாள். கூப்பிட நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் கூப்பிட்டபோது அவருக்குக் குரல் பிடிபடவில்லை. பிள்ளைகள் இரைச்சல். "யாருங்க? யாரு? வேன்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார். அன்று முழுவதும் கூப்பிடவில்லை. மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு அழைப்பு வந்தது.

"நேத்து யாரோ கூப்பிட்டீங்க."

"அண்ணே, நான்தான். பில்டு."

"தங்கச்சி," என்றார். பிறகு, "எண் எப்படிக் கிடைச்சுது?" என்றார்.

சொன்னாள். முதுகைப் பற்றிக் கேட்டாள். உட்கார்ந்தே ஓட்டுவதால் இப்போது பரவாயில்லை என்றார். பிள்ளைகள் வேனுக்குள் செய்யும் அட்டகாசத்தைச் சொன்னார். ஒருத்தி தினமும் ஏறியதும் அவர் காதில் வந்து ஒரு ரகசியம் சொல்வாளாம். அது என்ன என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லையாம், தலையை மட்டும் ஆட்டிவைப்பாராம். அவள் சிரித்தாள். பழைய மாதிரியே இருந்தது. அதனால் துணிந்து கேட்டாள்.

"சொல்லாமப் போயிட்டீங்களேண்ணே."

"சொல்லியிருக்கணும்," என்றார். "தோணுச்சு. ஆனா நீங்கதான் எல்லாத்தையும் தானா ஓடற மாதிரி பண்ணிட்டீங்களா. தினம் நாப்பது நிமிஷம் இந்த ஆளு அறுக்கறான், அதான் ஒரு வழியா முடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். அதுல தப்பும் இல்ல. உங்களுக்கும் வேலை இருக்குல்ல."

"அப்படி இல்லண்ணே."

"ஒரு ரெண்டு நாளு மூணு மணிக்குப் போன் பக்கத்துலயே நின்னேன், பழக்க தோஷம். பேக்கிங் அக்கா பாத்துச் சிரிச்சாங்க. விட்டுட்டேன்."

நானும்தான் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொற்கள் வாயருகே தயாராக இருந்தன. நாலு மாதமாக மூன்று மணி ஆனால் கை தானாகப் போன் பக்கம் போனதையும், தன் வேலையே கெட்டுப்போகாதா என்று ஏங்கியதையும் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது இதுதான்: "அப்படியெல்லாம் நெனைக்கலண்ணே. மேலருந்து செய்யச் சொன்னாங்க, செஞ்சேன்."

"சரி சரி. நல்லபடியா ஓடுதுல்ல?"

"ஓடுதுண்ணே. ஒண்ணுகூட தவறல."

"அதான் வேணும். கேட்டைத் தொறந்துட்டாங்கம்மா, சின்னதுங்க வந்துடும். உடம்பைப் பாத்துக்கோங்க."

அவர் பிறகு ஒரு முறை ஒரு பூவின் படத்தை அனுப்பினார். அவளும் ஒரு பூவை அனுப்பினாள். அதற்குமேல் அது வளரவில்லை. அவர்மேல் குற்றமில்லை. அவர் நாள் அவருக்கு நிறைந்துவிட்டது. அதில் மூன்று மணி என்பது பிள்ளைகளை வேனில் ஏற்றும் நேரம்.

அவளைக் கூப்பிட்டது பேக்கிங் அக்காதான். அந்த எண்ணில் ஆள் கிடைத்தாரா, பேசினாயா என்று விசாரிக்கக் கூப்பிட்டவள், பேச்சுவாக்கில் சொன்னாள். "ஆறு வருஷமா எல்லாத்தையும் படத்துலயே பாக்கற. ஒரு தடவை வந்து தொட்டுத்தான் பாரேன். வீட்டுல என்ன, பாலா பொங்குது?"

அடுத்த செவ்வாய்க்கிழமை மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனாள். கிடங்கு அவள் நினைத்ததைவிட மூன்று மடங்கு பெரியதாக இருந்தது. உள்ளே இருந்த சாமான்கள் எல்லாம் அவள் நினைத்த அளவில் இல்லை. திரையில் ஒரே அகலத்தில் பார்த்துப் பழகியவளுக்கு, ஒரு பீரோ தன்னைவிட இரண்டு முழம் உயரமாக நின்றது திகைப்பாக இருந்தது. எண்ணை வைத்துச் சிலவற்றை அடையாளம் கண்டாள். மரத்தூளும் மெழுகும் கலந்த வாசம் அடித்தது. படத்துக்கு வாசம் கிடையாது என்பது அன்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வெள்ளைத் துணிக்கு முன்னால் இருந்த இளம்பெண் ஒரு காதின் ஹெட்போனை மட்டும் விலக்கினாள்.

"நீங்கதான் பில்டா?"

"ஆமா, நான்தான் பில்டு."

"படம் படுத்துக்கறது சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. இனிமே எப்படி வேணா பிடிச்சு எடுங்க."

"சூப்பர்," என்று சொல்லி ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். அவளிடம் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. அது முறையும்தான்.

பேக்கிங் அக்கா கனத்த சரீரம். பேச்சில் முற்றுப்புள்ளி என்பதே இல்லை. மருமகளின் சமையல், மகனின் குறட்டை, வாடகை வீட்டுக்காரியின் நாய், தன் சர்க்கரை என்று சுற்றிச் சுற்றி வந்தாள். நடுவில் ஒரு கேள்வி கேட்பாள், பதில் வருவதற்குள் தானே பதிலையும் சொல்லிவிடுவாள். மதியம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இதென்ன, கோழி கொத்தற மாதிரி சாப்பிடற?" என்று தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து இவள் டப்பாவில் கொட்டினாள். வேண்டாம் என்று சொல்ல இவளுக்கு இடைவெளி கிடைக்கவில்லை.

நாலு மணிக்கு அங்கேயே ஒரு விற்காத மேஜையில் மடிக்கணினியை வைத்து பில்டை ஓட்டினாள். பேக்கிங் அக்கா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எண்கள் ஓடி நின்றன. "இவ்வளவுதானா? இதுக்கா அந்த மனுஷன் ஆறு வருஷம் கையக் கழுவினாரு?" என்றாள்.

வீடு திரும்பும்போது தலை விண் விண் என்று வலித்தது. ஒரு நாளில் அவ்வளவு பேச்சைக் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெண்மணி கிடங்கண்ணன் ஆகமாட்டாள், இவளோடு அந்த மாதிரி சிரிப்பு வராது என்று நினைத்தாள். அது உண்மைதான். ஆனால் வீட்டில் அவள் எழுப்பினால்தான் சத்தம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அப்படியே போயின.

திங்கட்கிழமை மாலை சின்ன முதலாளிக்கு ஒரு வரி எழுதினாள். வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமைகளில், கிடங்கிலிருந்து வேலை பார்க்கலாமா என்று. காரணம் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தாள். படங்களைச் சரிபார்க்க என்று முதலில் எழுதி அழித்தாள். படங்களைச் சரிபார்க்க ஆள் தேவையில்லை என்பது எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் காரணம் எதுவும் எழுதாமலே அனுப்பினாள்.

"தாராளமா அக்கா," என்று இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.